ஓதத்தில் மின்சாரம்: ஒரு கழிமுகம் தேறுமா என்று கணக்கிடும் முறை

ஒரு கடற்கரையில் ஓத மின்நிலையம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம், அமைக்க முடியுமா என்ற கேள்விக்கு முதற்கட்ட விடை காண ஆய்வு நிறுவனம் எதையும் அணுக வேண்டியதில்லை. ஓத அட்டவணை, கடல் வரைபடம், கணிப்பான் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் விடை கிடைத்துவிடும். பெரும்பாலான இடங்களுக்கு அந்த விடை 'முடியாது' என்பதாகவே இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆயினும் ஏன் முடியாது என்பதைத் தாமே கணக்கிட்டு அறிந்தவர்களுக்கு, எங்கே முடியும் என்பதும் தெளிவாகத் தெரியும். மாணவர்களும் பொறியாளர்களும், ஊருக்கு இத்தகைய திட்டம் வருவதாகக் கேள்விப்பட்டு விவரம் தேடுவோரும் இந்த முறையைப் பின்பற்றலாம்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். கடல்மட்டம் உயர்வதை ஏற்றம் என்றும் தாழ்வதை வற்றம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இலங்கைத் தமிழில் வழங்கும் 'வற்றுப்பெருக்கு' என்ற சொல் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அழகான சொல். ஓர் ஏற்றத்தின் உச்சமட்டத்துக்கும் அதை அடுத்த வற்றத்தின் அடிமட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஓத வீச்சு எனப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வீச்சு மிகும் (இவையே பெரும் ஓத நாட்கள்). அட்டமியை ஒட்டிய நாட்களில் குறையும். இது கடலோர மக்கள் அனைவரும் அறிந்ததே. ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. ஆகவே ஆண்டுக்கு 706 ஏற்றங்கள் வருகின்றன. இந்த 706 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைக் கண்டறிதல்

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் முக்கியத் துறைமுகங்களின் ஏற்ற வற்ற நேரங்களும் உயரங்களும் நாள்வாரியாகத் தரப்பட்டிருக்கும். உங்கள் இடத்துக்கு மிக அருகிலுள்ள துறைமுகத்தைத் தேர்ந்து, ஒரு முழுச் சந்திர மாதத்தின் வீச்சுகளை எழுதிச் சராசரி காணுங்கள். பெரும் ஓத நாட்களின் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது திட்ட விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் பிழை. அந்தப் பிழை எவ்வளவு பெரியது என்பது அடுத்த கணக்கில் விளங்கும்.

ஏற்றத்தின் உச்சத்தில் ஒரு நீர்நிலையின் வாயை மதகால் அடைத்து, கடல் வற்றிய பின் உள்ளிருக்கும் நீரை விசையாழி (டர்பைன்) வழியாக வெளியேற்றுவதே அணைவழி ஓத மின்னாக்கம். வீச்சு இருமடங்கானால் தேங்கும் நீரின் எடை இருமடங்காகிறது. அந்த நீர் விழும் உயரமும் இருமடங்காகிறது. ஆகவே ஆற்றல் நான்கு மடங்காகிறது. இதை எண்ணில் வைத்தால், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கிடைக்கக்கூடிய முழு ஆற்றல், யூனிட் கணக்கில், 1,400 × பரப்பு (சதுர கிலோமீட்டர்) × வீச்சின் வர்க்கம் (மீட்டர்) ஆகும். இதை 706ஆல் பெருக்கினால் ஆண்டுக் கணக்கு வரும். அந்தத் தொகை முழுவதும் கம்பியில் ஏறாது. விசையாழி இயங்கக் குறைந்தபட்ச மட்ட வேறுபாடு வேண்டும். நீர் வடிய வடிய உள்மட்டமும் தாழும். பழுதுபார்ப்புக்கும் நிறுத்த வேண்டும். எனவே மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சுருக்கினால் நினைவில் வைக்கத்தக்க வாய்பாடு ஒன்று கிடைக்கிறது: ஆண்டு யூனிட் = 3.3 லட்சம் × பரப்பு × வீச்சின் வர்க்கம்.

இந்த வாய்பாட்டை நம்பலாமா என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிரான்சின் சேன் மாலோ நகருக்கு அருகில், ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் 1966ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம்தான் உலகின் முதல் பெரிய ஓத மின்நிலையம். தலா 10 மெகாவாட் திறனுள்ள 24 விசையாழிகள், மொத்தம் 240 மெகாவாட். தேக்கப் பரப்பு ஏறத்தாழ 22.5 சதுர கிலோமீட்டர். சராசரி வீச்சு 8.2 மீட்டர். வாய்பாட்டில் இட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி யூனிட் வருகிறது. உண்மை உற்பத்தியும் அந்த அளவே. மூன்றில் ஒரு பங்கு என்ற விகிதத்தை இந்த நிலையத்தை வைத்தே நான் தேர்ந்தேன் என்பதால் பொருந்துவதில் வியப்பில்லை. தென்கொரியாவில் 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய சிஹ்வா நிலையத்துக்கு (254 மெகாவாட், ஏறத்தாழ 30 சதுர கிலோமீட்டர், 5.6 மீட்டர்) இதே கணக்கைப் போட்டால் 31 கோடி யூனிட்தான் வரும், அங்கே திட்டமிட்ட அளவு 55 கோடி. ஆகவே இந்த வாய்பாடு ஒன்றரை, இரண்டு மடங்கு வரை தவறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற்கட்ட முடிவுக்கு அது போதும். ஏனெனில் தேறும் இடத்துக்கும் தேறாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மடங்கில் நிற்பதில்லை. இருபது, முப்பது மடங்காக இருக்கும்.

சென்னைக் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும் ஓத நாளிலும் அங்கே வீச்சு ஏறத்தாழ 1 மீட்டர்தான். தாராளமாக 1 மீட்டரையே சராசரி என்று வைத்தாலும், ஒரு சதுர கிலோமீட்டர் தேக்கத்திலிருந்து ஆண்டுக்கு 3.3 லட்சம் யூனிட். அதாவது ஓயாமல் ஓடும் 38 கிலோவாட் இயந்திரத்துக்குச் சமம். அந்த மட்ட வேறுபாட்டில் விசையாழி ஒழுங்காகச் சுழலுமா என்பதே ஐயம் என்பதால் உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதே ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 50 மெகாவாட் சூரியத் தகடுகளைப் பரப்பினால் ஆண்டுக்கு 7 கோடி யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கான கணக்கை இந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

குஜராத்தில் நிலை வேறு. கட்ச் வளைகுடாவில் சராசரி வீச்சு 5.2 மீட்டர் அளவும் காம்பே எனப்படும் கம்பாத் வளைகுடாவில் 6.8 மீட்டர் அளவும் உண்டு. கம்பாத்தில் உச்ச வீச்சு 11 மீட்டரை எட்டுகிறது. அகன்று ஆழமற்றுக் கிடக்கும் கண்டத்திட்டும் (கரையை ஒட்டிய கடலடித் தளம்), உள்ளே போகப் போகக் குறுகும் புனல் வடிவமும் சேர்ந்து நீரை இவ்வாறு உயர்த்துகின்றன. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில், அந்த நீர்ப்பரப்பு இயல்பாக ஊசலாடும் கால அளவு ஓதத்தின் கால அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால், வீச்சு 16 மீட்டர் வரை எழுகிறது. கம்பாத்தின் கரையிலுள்ள ஆலங் என்ற ஊரில் பழைய கப்பல்களை உடைக்கும் தொழில் வளர்ந்ததற்கும் ஓதமே காரணம்: பெரும் ஓத நாளில் கப்பலை முழு வேகத்தில் கரைமீது ஏற்றிவிட்டு, நீர் வற்றியதும் சேற்றில் நிற்கும் கப்பலை வெட்டத் தொடங்குகிறார்கள். கப்பலையே தூக்கி வைக்கும் அந்த நீர் விசையாழியையும் சுழற்றும் என்பதில் ஐயமில்லை.

வாயையும் வயிற்றையும் அளத்தல்

வீச்சு 5 மீட்டருக்கு மேல் இருந்துவிட்டால் இடம் தேறிவிட்டதாகப் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். என் கருத்தில் உண்மையான தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. நீர் இலவசமாக வருகிறது. செலவெல்லாம் அதை அடைக்கும் சுவருக்கே. ஆகவே வாய் குறுகி வயிறு பெருத்த குடம் போன்ற கழிமுகமே நமக்கு வேண்டும். கடல் வரைபடத்தை விரித்து, நீங்கள் அடைக்க நினைக்கும் வாயின் அகலத்தையும் உள்ளே தேங்கும் பரப்பையும் அளந்து, பரப்பைச் சுவரின் நீளத்தால் வகுங்கள்.

ரான்ஸில் 22.5 சதுர கிலோமீட்டரை அடைக்க 750 மீட்டர் நீளமே தேவைப்பட்டது, விகிதம் 30. பிரிட்டனில் சுவான்சி விரிகுடாவில் 320 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட ஓதக் காயலில் 11.5 சதுர கிலோமீட்டரை வளைக்க 9.5 கிலோமீட்டர் சுவரைக் கடலுக்குள் எழுப்ப வேண்டியிருந்தது, விகிதம் 1.2. அங்கே வீச்சுக்குக் குறைவில்லை. உலகின் மிக உயர்ந்த ஓதங்களில் ஒன்றைக் கொண்ட பிரிஸ்டல் கால்வாயை ஒட்டிய இடம் அது. ஆயினும் 130 கோடி பவுண்டு மதிப்பிட்ட அந்தத் திட்டத்தைச் செலவைக் காரணம் காட்டிப் பிரிட்டன் அரசு 2018 ஜூனில் மறுத்தது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று அறுபது ஆண்டுகளாக இயங்குவதற்கும் மற்றொன்று காகிதத்தோடு நின்றதற்கும் வேறு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

சிஹ்வாவின் சுவர் 12.7 கிலோமீட்டர் நீளமானது. விகிதம் 2.4 என்பதால் நம் கணக்குப்படி அது தேறவே கூடாது. ஆனால் அந்தச் சுவர் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதன்று. வேளாண்மைக்கு நன்னீர் தேக்கும் நோக்கத்தோடு 1994ஆம் ஆண்டிலேயே கடலை அடைத்துவிட்டார்கள். ஆலைக் கழிவு சேர்ந்து ஏரி நாறியது. கடல்நீரை மீண்டும் உள்ளே விட்டுக் கழுவ வேண்டிய நிலை வந்தது. எப்படியும் உள்ளே வரப்போகும் நீரின் வழியில் விசையாழியை வைத்தார்கள். எனவே உங்கள் பகுதியில் ஏற்கெனவே அலைதடுப்புச் சுவரோ, பாலமும் மதகும் சேர்ந்த தடுப்பணையோ இருக்கிறதா அல்லது வேறு காரணத்துக்காகக் கட்டப்படவிருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். அவ்வாறு இருந்தால் சுவரின் செலவைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் பாருங்கள். ரான்ஸ் அணையின் மீதும் சாலை செல்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

கம்பாத் வளைகுடாவைக் குறுக்கே அடைக்கும் கல்பசார் என்ற திட்டத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்பது பயனுள்ளது. வளைகுடாவின் வயிறு மிகப் பெரியது. ஆகவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அணைக்கும் விகிதம் நன்றாகவே வரும். தொடக்கத்தில் 5,880 மெகாவாட் ஓத மின்சாரமும் அதன் பகுதியாகப் பேசப்பட்டது. ஆனால் இப்போது அதன் முதன்மை நோக்கம் நன்னீர்த் தேக்கம். நன்னீரைத் தேக்கும் ஏரியில் நாளுக்கு இருமுறை கடலை உள்ளே விட முடியாது. சபர்மதி, மாகி, நர்மதை, தபதி ஆகிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலும், பெரும் ஓத நாட்களில் வாயில் ஓடும் கடும் நீரோட்டமும் கட்டுமானத்தின் விலையை உயர்த்துகின்றன. விகிதம் தேர்ந்தாலும் திட்டம் தேறிவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சுவரில்லாத வழி

அடைக்க ஏற்ற வாய் இல்லாவிட்டால், தீவுகளுக்கிடையே விரைந்தோடும் ஓத நீரோட்டத்தில் நீருக்கடியில் காற்றாலை போன்ற விசையாழியை நிறுத்தலாம். இங்கே அளக்க வேண்டியது உயரமன்று, வேகம். சுழலும் வட்டத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கிடைக்கும் மின்திறன், வாட் கணக்கில், ஏறத்தாழ 200 × வேகத்தின் கனம் (வேகம் × வேகம் × வேகம், மீட்டர்/நொடி) ஆகும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 200 வாட். 3 மீட்டரில் 5,400 வாட். கடல் வரைபடங்களில் வேகம் நாட் அலகில் இருக்கும். அதைப் பாதியாக்கினால் மீட்டர் கணக்கு வந்துவிடும். உச்ச வேகம் 2 மீட்டருக்குக் குறைவான இடத்தில் மேற்கொண்டு கணக்கிடுவது நேர விரயம் என்றே சொல்வேன்.

18 மீட்டர் விட்டமுள்ள விசையாழியின் வட்டப்பரப்பு 254 சதுர மீட்டர். 3 மீட்டர் வேகத்தில் நம் கணக்குப்படி 1,400 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஸ்காட்லாந்தின் வடமுனையில் பென்ட்லண்ட் நீரிணையில் மேஜென் என்ற திட்டம் நிறுவிய நான்கு விசையாழிகளும் தலா 1,500 கிலோவாட் திறனுள்ளவை என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்த உச்சத்திறன் எந்நேரமும் கிடைப்பதன்று. நாளுக்கு நான்கு முறை நீரோட்டம் ஓய்ந்து திசை திரும்புகிறது. அட்டமி நாட்களில் வேகமே குறைகிறது. ஆண்டுச் சராசரியாக உச்சத்தின் மூன்றில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ வைத்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டம் கடுமையாக இருக்கும் இடம் எல்லாம் ஓத நீரோட்டமாகாது என்பதிலும் கவனம் வேண்டும். பாம்பன் கால்வாயில் ஓடும் நீரைப் பார்த்துப் பலர் இந்தக் கேள்வியை எழுப்புவதுண்டு. அங்கே ஓட்டத்தின் திசை பெரிதும் பருவக்காற்றோடு மாறுகிறது. அதை ஓத அட்டவணையைக் கொண்டு முன்கணிக்க முடியாது. விசையாழி முழுகும் ஆழமும் அங்கே இல்லை.

மிகை வேகமும் இடர்தான். ஃபண்டி விரிகுடாவில் 2009ஆம் ஆண்டு இறக்கப்பட்ட 1 மெகாவாட் விசையாழியின் இறக்கைகள் சில வாரங்களுக்குள் உடைந்து போயின. கடலடியில் உள்ளதைப் பழுதுபார்க்கத் தேவையான கப்பலின் வாடகை அதிகம். நீரோட்டம் ஓய்ந்திருக்கும் குறுகிய நேரத்தில்தான் வேலை நடக்கும். இதனாலேயே 2021இல் ஆர்க்னி தீவுகளில் நிறுவப்பட்ட 2 மெகாவாட் திறனுள்ள ஓ2 என்ற விசையாழியை 74 மீட்டர் நீள மிதவையாகவே வடிவமைத்தார்கள். அதன் கைகளை நீர்மட்டத்துக்குத் தூக்கிச் சிறு படகிலிருந்தே பழுதுபார்க்கலாம்.

கடிகாரத்தோடு ஒப்பிடுதல்

ஓதத்தின் தனிச்சிறப்பு முன்கணிப்பு. அடுத்த ஆண்டின் எந்த நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்பதை இன்றே எழுதிவிடலாம். காற்றுக்கோ வெயிலுக்கோ அந்தச் சிறப்பு இல்லை. ஆனால் முன்கூட்டித் தெரிவதும் வேண்டும்போது கிடைப்பதும் ஒன்றல்ல. ஏற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. இன்று மாலை 7 மணிக்கு முழுத்திறனில் ஓடிய நிலையம் ஒரு வாரத்துக்குப் பின் அதே நேரத்தில் ஓய்ந்திருக்கும்.

இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. அமாவாசை, பௌர்ணமியின் பெரும் ஏற்றம் ஒரு குறிப்பிட்ட ஊரில் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். மின்சாரம் மிகுதியாகக் கிடைப்பது அந்த நாட்களில்தான். ஆகவே அட்டவணையில் அந்த நேரத்தைப் பாருங்கள். உயர்நீருக்கு (ஏற்றத்தின் உச்சத்துக்கு) ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குப் பின் விசையாழி ஓடத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த உற்பத்தி நண்பகலில் விழுகிறதா, மாலையில் விழுகிறதா என்பது தெரியும். நண்பகலில் விழுந்தால் அந்த நிலையம் தன் வாழ்நாள் முழுதும் சூரிய மின்சாரத்தோடு போட்டியிடும். மாலையில் விழுந்தால் அதன் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதல் மதிப்பு உண்டு.

ரான்ஸில் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்ய ஓர் உத்தியைக் கையாளுகிறார்கள். உள்மட்டமும் கடல்மட்டமும் ஏறக்குறைய சமமாக இருக்கும் உயர்நீர் வேளையில், விசையாழியையே எக்கியாக (பம்பாக) மாற்றி மேலும் கொஞ்சம் நீரை உள்ளே ஏற்றுகிறார்கள். சிறிய உயரத்துக்கு ஏற்றிய அதே நீர், கடல் வற்றிய பின் பல மீட்டர் உயரத்திலிருந்து விழுவதால், செலவிட்டதைவிட அதிக மின்சாரம் திரும்பக் கிடைக்கிறது. கேட்பதற்கு ஏமாற்று வித்தை போலத் தோன்றினாலும், கூடுதல் ஆற்றலைத் தருவது மட்டத்தைத் தாழ்த்தும் கடல்தான்.

பணக் கணக்கு

இந்தியாவின் ஓத மின்வளம் 12,455 மெகாவாட் என்று சென்னை ஐஐடி பங்கேற்ற 2014ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. வணிக அளவில் இன்றுவரை ஒரு நிலையமும் இயங்கவில்லை. இந்த இடைவெளியின் காரணத்தை அறியச் சுந்தரவனத்தின் துர்காதுவானி கழியில் திட்டமிட்டுக் கைவிடப்பட்ட 3.75 மெகாவாட் நிலையத்தைப் பாருங்கள். அதன் மதிப்பீடு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 63.5 கோடி ரூபாய்.

ரான்ஸிலும் சிஹ்வாவிலும் ஆண்டு உற்பத்தி, நிறுவுதிறன் ஓயாமல் ஓடினால் கிடைப்பதில் கால்பங்கு அளவே. அதன்படி ஒரு மெகாவாட் ஆண்டுக்கு 21.9 லட்சம் யூனிட் தரும். 63.5 கோடிக்கு 9 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 5.7 கோடி. இரண்டையும் வகுத்தால் யூனிட்டுக்கு 26 ரூபாய். இது வட்டி மட்டுமே. அசலும் பராமரிப்பும் இன்னும் சேரவில்லை. உங்கள் திட்டத்துக்கும் இதே முறையில் கணக்கிடுங்கள்: மெகாவாட் செலவை வட்டி விகிதத்தால் பெருக்கி 21.9 லட்சத்தால் வகுத்தால், அந்தத் திட்டத்தைப் பற்றி மேலும் பேசலாமா என்பது தெரிந்துவிடும். பிரிட்டனில் 2022ஆம் ஆண்டு நடந்த ஏலத்தில், 2012ஆம் ஆண்டு விலைமட்டத்தில், ஓத நீரோட்ட மின்சாரத்துக்கு ஆயிரம் யூனிட்டுக்கு 178.54 பவுண்டு கிடைத்தது. அதே ஏலத்தில் கடற்காற்றாலை மின்சாரத்தின் விலை 37.35 பவுண்டு. ஓதத்துக்கென்று தனி ஒதுக்கீடு இருந்ததால்தான் அந்த விலை கிடைத்தது.

ஓத நிலையங்களின் சார்பாகச் சொல்லத்தக்க நியாயமான வாதம் ஒன்று உண்டு. ரான்ஸ் அறுபது ஆண்டு ஓடியும் ஓய்வு பெறவில்லை. சூரியத் தகட்டின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு. ஆனால் வங்கி இருபது ஆண்டுக்குமேல் காத்திருப்பதில்லை என்பதால், அறுபதாம் ஆண்டின் மின்சாரத்துக்கு இன்றைய கணக்கேட்டில் மதிப்பு ஏறத்தாழ இல்லை. அரசு தன் பணத்தில் கட்டினாலொழிய இந்த நீண்ட ஆயுள் பயன்படாது. ரான்ஸும் சிஹ்வாவும் அரசு நிறுவனங்கள் கட்டியவை.

நீரும் மண்ணும் மீனும்

ரான்ஸ் அணையைக் கட்டும்போது கழிமுகத்தை ஏறத்தாழ மூன்று ஆண்டு கடலிலிருந்து துண்டித்துவிட்டார்கள். உள்ளிருந்த கடலுயிர்கள் பெரும்பாலும் அழிந்தன. மீண்டு வரப் பத்தாண்டு பிடித்தது. வண்டல் இன்றும் படிகிறது. கனடாவின் அன்னபோலிஸ் ராயலில் 1984 முதல் இயங்கிய 20 மெகாவாட் நிலையம், விசையாழியில் சிக்கி மீன்கள் மடிவது குறித்த குற்றச்சாட்டுகளுக்குப் பின் 2019இல் மூடப்பட்டது. இந்தியாவில் கட்ச் வளைகுடாவின் தென்கரையில் 1982 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது, சுந்தரவனம் புலிக்காடு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அனுமதி தேவைப்படும் என்பதோடு, அந்தக் கழியில் நாள்தோறும் வலை வீசுவோரையும் படகு ஓட்டுவோரையும் முதலிலேயே சந்தித்துப் பேச வேண்டும். எங்கே சேறு தள்ளுகிறது, எந்த மாதம் ஓட்டம் கடுமையாக இருக்கிறது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இருக்க மாட்டார்கள்.

இத்தனை கணக்கிலும் ஓர் இடம் தேறிவிட்டால், அறிக்கை எழுதுவோருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அளவீட்டுக்குச் செலவிடுங்கள். கழியின் உள்ளேயும் வாயிலும் அளவுகோல் பதித்த கம்பத்தை நட்டு, 30 நாள் மட்டத்தை மணிக்கொரு முறை குறியுங்கள். துறைமுகத்தில் 5 மீட்டர் இருந்த வீச்சு, சேறு நிரம்பிய கழியின் உட்புறத்தில் 3 மீட்டராகக் குறைந்திருக்கலாம். நீரோட்ட வழியைத் தேர்ந்திருந்தால், ஒலியலையால் வேகம் அளக்கும் கருவியைக் கடலடியில் அதே 30 நாட்களுக்கு வைக்க வேண்டும். மழைக்காலத்தில், ஆறு பெருகி வரும் நாட்களில், வாயின் நடுவில் மேல்மட்டம், இடைமட்டம், அடிமட்டம் மூன்றிலும் நீரை மொண்டு, ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் வண்டல் என்று நிறுத்துப் பாருங்கள். உங்கள் தேக்கம் எத்தனை ஆண்டில் தூர்ந்துபோகும் என்ற கணக்கு அந்த எண்ணிலிருந்தே தொடங்கும்.